பிரேக் கம்பெனிக்காரரின் பின் பிரேக்

சேசு மரி சூசை துணை

சேரப்பணஞ்சேரி,
ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பேரன்புள்ள மச்சான் சாம்சன் அவர்களுக்கு, உங்கள் தங்கை லூர்தம்மாளின் புருஷன் யாக்கோபு எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் ஒருவாறு சுகம். அங்கே குஜராத்தில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலான சுகத்தோடு இருக்க வேண்டுமென்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். எங்கள் சுகத்தில் என் முதுகைச் சேர்க்கவில்லை. முதுகு விஷயம் கீழே வரும்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கென்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் தங்கை பக்கத்திலிருந்து இரண்டு திருத்தம் போடுவாள். காகிதத்தில் அந்த உபத்திரவம் இல்லை. தவிர, படப்பையில் இருக்கும் உங்கள் சிநேகிதர்கள் யாராவது இந்தக் கதைக்குக் கைகால் ஒட்டவைத்து உங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை. நீங்கள் எங்களிடம் விட்டுப்போன காரைப் பற்றியது. பதற வேண்டாம். கார் இருக்கிறது.

மாற்றலாகிப் போகும்போது, "வண்டி ஓடிக்கிட்டே இருந்தாத்தான் மச்சான் நல்லா இருக்கும்" என்று சொல்லிச் சாவியை என் கையில் கொடுத்தீர்கள். என் கையில் அது இருந்தது கொஞ்ச நேரம்தான். ஐம்பது வயதுக்குமேல் உங்கள் தங்கை டிரைவிங் பள்ளியில் சேர்ந்து, ஒரே தடவையில் லைசென்சும் வாங்கி, பென்னலூர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு வேலைக்குத் தினமும் அந்தக் காரில்தான் போய்வருகிறாள். ஒரகடம் மேம்பாலத்தில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவள் புகுந்து போவதைப் பார்த்தால் உங்களுக்குப் பெருமையாக இருக்கும். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத்தான் தோன்றும். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கிறவன் என்பதால் காய்கறி வாங்கப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொள்வாள். நான் இடதுபக்கம் உட்கார்ந்து வழி சொல்வேன். அவள் வேறு வழியில் போவாள். இப்படி எங்கள் தாம்பத்தியம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன மாதம் பின்சக்கரத்திலிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு அது கரகரப்பாக மாறியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலுக்கு எதிரே சரிவில் நிறுத்தியிருந்த கார், ஹேண்ட் பிரேக் போட்டது போட்டபடியே, யாரையும் கேட்காமல் பின்னால் உருள ஆரம்பித்தது. வேகமெல்லாம் இல்லை. நிதானமாகப் போய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாரிமுத்துவை, பெஞ்சோடும் கையிலிருந்த டீயோடும் ஒரு முழம் தள்ளிவிட்டு நின்றது. டீ ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மனிதர் மிச்சத்தைக் குடித்து முடித்துவிட்டு, கோயிலிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த அத்தனை ஜனத்துக்கும் கேட்கிற மாதிரி, "பிரேக் கம்பெனிக்காரரு வண்டியே நிக்கலன்னா நாங்கல்லாம் எங்க சார் போறது?" என்றார். சாமியார்கூடச் சிரித்தார்.

மச்சான், இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டியிருக்கிறது. ஒரகடத்துப் பிரேக் கம்பெனியில் நான் இருபது வருஷத்துக்குமேல் வேலை பார்த்தேன் என்பது ஊருக்கே தெரியும். அங்கே எனக்கு டெஸ்பாட்ச்சில் வேலை என்பது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. பிரேக் ஷூ அடைத்த அட்டைப்பெட்டி உருளைமேல் வரும். நான் லேபிள் ஒட்டுவேன். அது போகும், அடுத்தது வரும். பெட்டிக்குள் இருப்பதை நான் கண்ணால் பார்த்ததே ஒரே ஒரு தடவை, மழையில் நனைந்து ஒரு பெட்டி அடிப்பக்கம் பிய்ந்தபோதுதான். இதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டா திரிய முடியும்? கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர், "உங்க கம்பெனி பிரேக்கு எப்படி சார், நல்லா நிக்குமா?" என்று கேட்பார். "நிக்கும்" என்பேன். லேபிள் நன்றாகத்தான் நின்றது.

ஆகையால் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோக என்னால் முடியவில்லை. படப்பை ரோட்டில் ஐயனாரின் ஒர்க்‌ஷாப் வாசலில் இரண்டு தடவை நிறுத்தினோம். இரண்டு தடவையும் அவர் என்னைப் பார்த்து எழுந்து கும்பிட்டு, "வாங்க சார், நீங்களே நம்ம கடைக்கு வந்திருக்கீங்க, இன்னா விஷயம்?" என்றார். முதல் தடவை காற்றடித்துக்கொண்டு வந்தோம். இரண்டாம் தடவையும் காற்றடித்துக்கொண்டு வந்தோம். திரும்பி வரும்போது லூர்து, "டயரு வெடிக்கப் போவுதுங்க" என்றாள். அப்போதுதான் சொன்னேன், "நானே மாத்திடறேன்." அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "எத?" என்றாள்.

போன ஞாயிறு காலையில் ஆரம்பித்தேன். புது ஷூ ஒரு செட் வாங்கியாகிவிட்டது. ஸ்பிரிங்குகள் பழசே போதும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். போனில் ஒரு வீடியோ கிடைத்தது, ஆனால் அதில் பேசினவர் தெலுங்கு, கார் வேறு, போதாததற்கு முக்கியமான இடத்தில் அவருடைய முதுகு மறைத்துக்கொண்டது. வீட்டுப் பக்கத்தில் மனை நிரப்பின செம்மண்ணில் ஜாக்கியை வைத்தேன். கார் மேலே ஏறுவதற்குப் பதில் ஜாக்கி கீழே இறங்கியது. அதன் அடியில் சிமெண்ட் ஸ்லாப் துண்டு ஒன்றைக் கொடுத்த பிறகு கார் ஏறியது, ஆனால் அதற்குள் வீல் நட்டைத் தளர்த்த மறந்திருந்தேன், சக்கரம் நட்டோடு சேர்ந்து சுற்றியது, மறுபடி இறக்கி, ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்து, நான்காவது நட்டுக்குக் குதிக்கும்போதுதான் மேலே சொன்ன முதுகு சம்பவம் நடந்தது. அதன்பிறகு எல்லாவற்றையும் பக்கவாட்டாகத்தான் செய்தேன்.

சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே இரும்புச் சட்டி மாதிரி ஒன்று, அதுதான் டிரம், அதற்குள்ளேதான் ஷூ இருக்கிறது. டிரம் வரவில்லை. சுத்தியலால் தட்டினேன். மண்ணெண்ணெய் விட்டுத் தட்டினேன். கட்டை கொடுத்துத் தட்டினேன். எதிர்வீட்டில் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, அடிக்கிறவன் பிரேக் கம்பெனிக்காரன் என்பதால் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்கள். கடைசியில் லூர்து கையில் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இன்னாங்க, தெருவே எழுந்துகினு கீது. ஹேண்ட் பிரேக்க எறக்கினீங்களா?"

சக்கரம் கழன்றதும் கார் உருண்டுவிடக் கூடாதென்று முன்ஜாக்கிரதையாக ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்திருந்தேன். வாரக்கணக்காக எதையும் பிடிக்காத ஹேண்ட் பிரேக், அன்றைக்கு என்னோடு பகை மாதிரி அந்த டிரம்மைப் பிடித்திருந்தது. முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். டிரம் கையோடு வந்தது. நான் அதோடு பின்னால் உட்கார்ந்தேன்.

உள்ளே பார்த்தேன், மச்சான். பிறை மாதிரி இரண்டு ஷூ, மேலே ஒரு ஸ்பிரிங், கீழே ஒரு ஸ்பிரிங், நடுவில் ஒரு கம்பி, கம்பியைத் தாங்கிக்கொண்டு ஒரு திருகு, எதற்கென்றே தெரியாமல் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டு இன்னும் ஒரு குட்டி ஸ்பிரிங். ஷூவின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய பட்டை, பழைய செருப்பின் குதிகால் போலத் தேய்ந்து இரும்பு தெரிந்தது. இதை வைத்துக்கொண்டு உங்கள் தங்கை தினமும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய்வந்திருக்கிறாள் என்று நினைத்தபோது, மண்ணில் உட்கார்ந்திருந்தவன் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. வெட்கம் பார்க்காமல் இரண்டாம் தடவையாவது ஐயனாரிடம் வாயைத் திறந்திருக்கலாம். சரி, ஆரம்பித்தாயிற்று. வலதுபக்கத்தையும் பிரித்தேன், அங்கே கல் முட்டுக் கொடுத்துவிட்டு ஜாக்கியை மாற்றி இடதுபக்கத்தையும் பிரித்தேன். ஒரு பக்கத்தை அப்படியே விட்டுவைத்தால் அதைப் பார்த்து இன்னொன்றை மாட்டலாம் என்கிற அறிவு, இரண்டு பக்கமும் ஒரே தாம்பாளத்தில் குவிந்த பிறகுதான் வந்தது. பிரிப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்திருந்தேன். அதில் என் முழங்கால் தெளிவாக வந்திருந்தது.

மாட்டத் தெரியாவிட்டாலும் சும்மா இருக்கக் கூடாதென்று ஸ்பிரிங்குகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உப்புத்தாள் போட்டு, துரு போகத் தேய்த்தேன். தேய்க்கிற வேலை எனக்கு நன்றாக வரும். எல்லாம் கடையில் வாங்கியது போல மின்னின. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தேய்ப்பு இல்லாமலிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

அந்த நேரத்தில்தான் மாடியில் குடியிருக்கும் மகாராஜா பல் தேய்த்துக்கொண்டு இறங்கிவந்தான். பெயர்தான் மகாராஜா. வள்ளியூர்ப் பக்கத்துப் பிள்ளை, கார் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறான். நாலு வருஷமாக அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டேபோய், இப்போதுதான் பெர்மனென்ட் ஆக்கும் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது. ஊரில் அவனுக்குப் பெண் பார்த்து நிறுத்திவைத்திருக்கிறார்கள், அந்த ஒரு வார்த்தைக்காக. தாம்பாளத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அண்ணாச்சி, இது நம்ம வேலைல்லா! நான் பின் பிரேக் லைன்லதான நிக்கேன்."

எனக்கு மாதாவே நேரில் வந்தது போலிருந்தது. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான், ஷூவைக் கையில் எடுத்தான், திருப்பினான், வைத்துவிட்டான்.

"எந்தப் பக்கம் அண்ணாச்சி இது?"

"இடதுபக்கம் தம்பி."

"நான் ரைட் சைடு மட்டுந்தான் பாக்கேன். லெஃப்ட்டு எதிர்த்தாப்ல நிக்க ஒடிசாப் பையன் வேலை."

வலதுபக்கத்துக்கு அழைத்துப் போனேன். அங்கேயும் கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். "என்ன தம்பி?" என்றேன். "லைன்ல அது நகந்து வந்துகிட்டே இருக்கும் அண்ணாச்சி. வந்ததும் கை தானா ஓடும். நிக்கிற வண்டியில எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்கு" என்றான். கார் ஜாக்கியில் நின்றது. அவனுக்காக அதை நகர்த்த முடியாது. யோசித்துவிட்டு, அவன் பின்னால் நின்றுகொண்டு சூப்பர்வைசர் மாதிரி, "நெக்ஸ்ட்! நெக்ஸ்ட்!" என்று கத்தினேன். ஆச்சரியம், கை ஓட ஆரம்பித்தது. ஒரு ஷூ உட்கார்ந்தது. இரண்டாவது ஷூவும் உட்கார்ந்தது. மேல் ஸ்பிரிங்கை எடுத்து மாட்டப் போகிற சமயம், தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஓவர்டைம் இருப்பதை அவன் மறந்தே போயிருந்தான். பேன்ட்டை மாட்டிக்கொண்டு, சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, "வந்து மாட்டுதேன் அண்ணாச்சி" என்று ஓடினான்.

அவன் போன பிறகு பார்த்தால் மேல் ஸ்பிரிங் இல்லை. தாம்பாளத்தில் தேடினேன், காருக்கடியில் தேடினேன், சாக்கடையில் குச்சி விட்டுத் துழாவினேன். எதிர்வீட்டு எழிலரசியின் ஆடு பக்கத்தில் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. அதன் வாயையே பார்த்தேன்.

"இன்னா சார், என் ஆட்ட அப்டி மொறச்சிப் பாக்கறீங்க?"

"ஸ்பிரிங்கு ஒண்ணு காணோம்மா."

"அது இன்னா வேப்பந்தழையா, ஆடு துன்றதுக்கு?" என்று அவள் ஆட்டை இழுத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் போனாள்.

சாயங்காலம் போன் வந்தது. மகாராஜாதான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. "அண்ணாச்சி, என்னைய கேட்ல புடிச்சி வச்சிருக்காவ. அந்த ஸ்பிரிங்கு என் பேன்ட்டுப் பையில கெடந்துருக்கு. வெளிய வரும்போது மிஷினு கத்திட்டு. சாமான் திருடுனேன்னு சொல்லுதாவ. லிஸ்ட்லருந்து பேரை எடுத்துருவாவ போல அண்ணாச்சி."

மச்சான், எனக்கு அப்போது முதுகு வலி தெரியவில்லை. கார் ஜாக்கிமேல் நின்றுகொண்டிருந்ததால் ஷேர் ஆட்டோ பிடித்தோம். லூர்து நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள். ஏறுவதற்கு முன் என்னைச் சட்டை மாற்றவைத்தாள். நான் புத்திசாலித்தனமாக, இடதுபக்கத்து மேல் ஸ்பிரிங்கை ஒரு சம்படத்தில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒரே காரின் ஜோடி என்று யாருக்கும் விளங்கிவிடும் அல்லவா?

கேட்டில் ஷிஃப்ட் முடிந்த கூட்டம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. அதில் நம் ஊர் முகங்களும் இருந்தன. மகாராஜா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். மேஜைமேல், வெள்ளைத் தாளின் நடுவில், என் ஸ்பிரிங். செக்யூரிட்டி ஆபீசர் பெயர் அருள்பாண்டி. மரியாதையான மனிதர். எழுந்து நின்று, "வாங்க சார். நீங்க பிரேக் கம்பெனிக்காரர்தானே, படப்பையில பார்த்திருக்கேன்" என்றார். இந்தப் பெயர் என்னைவிட வேகமாகப் பயணம் செய்கிறது.

"சார், இது என்னோட ஸ்பிரிங்கு. பழசு. என் மச்சான் வண்டியோடது."

"பழசுங்கறீங்க. கண்ணாடி மாதிரி மின்னுதே?"

"நான் தேய்ச்சேன் சார்."

"ஸ்பிரிங்க யாராவது தேய்ப்பாங்களா சார்?"

"இவரு தேய்ப்பாரு" என்றாள் லூர்து.

நான் சம்படத்தைத் திறந்து ஜோடி ஸ்பிரிங்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதுவும் மின்னியது. அருள்பாண்டி இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வருத்தத்தோடு, "ஆக, இன்னொண்ணு ஏற்கெனவே வெளியே போயிருக்கு" என்றார். மகாராஜா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"சார், பழசா புதுசான்னு பார்க்கறது என் வேலை இல்ல. சாமானா இல்லையான்னு பார்க்கறதுதான் என் வேலை. நீங்களே சொல்லுங்க, அத்தனை வருஷம் பிரேக் கம்பெனியில இருந்த உங்களுக்கு, பிரேக் மாட்ட எங்க லைன்ல இருக்கற பையன் எதுக்கு? யாராவது நம்புவாங்களா? பையன் உள்ளேயிருந்து கொண்டாந்து குடுக்கறான், நீங்க வெளியில மாட்டிக் குடுத்துத் தொழில் பண்றீங்க. அப்படித்தான் நான் மேல எழுதணும்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கூட்டத்தைப் பார்த்தேன். டீக்கடை மாரிமுத்துவின் மருமகன் முன்வரிசையில் நின்றான். லூர்துவின் பக்கம் நான் திரும்பவில்லை. மகாராஜாவின் காலைப் பார்த்தேன், அவசரத்தில் ஒரு கால் சாக்ஸ் ஒரு நிறம், மறுகால் வேறு நிறம். பிறகு கேட்டுப் பக்கமாகத் திரும்பி, கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"சார், எனக்குப் பிரேக் மாட்டத் தெரியாது. நான் அங்க லேபிள் ஒட்டினேன். சேர்ந்த நாள்லேர்ந்து வெளிய வர்ற வரைக்கும் லேபிள்தான். பெட்டிக்குள்ள இருக்கறதுல எது மேல, எது கீழன்னு எனக்குத் தெரியாது. இந்தப் புள்ளதான் பாவம்னு உதவிக்கு வந்தான். பஸ் வந்துடுச்சி, பையில போட்டுகினு ஓடிட்டான்."

யாரோ சிரித்தார்கள். அருள்பாண்டி நம்பாமல் பார்த்தார். நம்பவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, லேபிள் ஒட்டுகிற விதத்தைச் சொல்வதுதான். பெட்டியின் அம்புக்குறி மேலே பார்க்க வேண்டும், லேபிள் வலது மூலையில் விரல் அகலம் விட்டு ஒட்ட வேண்டும், உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக்குமிழ் நிற்கும், மழைக்காலத்தில் இரண்டு தடவை தேய்க்க வேண்டும். மேஜைமேல் இருந்த வெள்ளைத் தாளிலேயே தேய்த்துக் காட்டினேன். இப்போது யாரும் சிரிக்கவில்லை. "போதும் சார்" என்றார் அருள்பாண்டி, என் முகத்தைப் பார்க்காமல். இரண்டு ஸ்பிரிங்கையும் அங்கேயே வைத்துக்கொண்டு, மறுநாள் குவாலிட்டி ஆட்கள் பார்க்கட்டும் என்று சொல்லி மகாராஜாவை எங்களோடு அனுப்பினார். அவர்கள் பார்த்து, இது தங்கள் வண்டியின் சாமானே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் வாங்கியது வேறு கம்பெனி கார் என்பது எங்கள் யாருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. பட்டியலில் மகாராஜாவின் பெயர் அப்படியே இருக்கிறது. நீங்களும் அவனுக்காக ஒரு வார்த்தை ஜெபியுங்கள்.

ஷேர் ஆட்டோவில் மகாராஜா, "எனக்காவ இவ்வளவு எறங்கிட்டியளே அண்ணாச்சி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்து, அவன் மாடிக்குப் போன பிறகு, நான் ஆரம்பித்தேன்: "லூர்து, அந்த லேபிள் விஷயம்..."

"எனக்குத் தெரியுங்க."

"எப்போலேர்ந்து?"

"நீங்க வேலைக்கிச் சேந்த மொத மாசமே. பக்கத்து வூட்டு மெக்கானிக்கு சட்டைல கிரீசு வாசன வரும். உங்க சட்டைல பச வாசனதான் வந்துது. தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? அதுக்கு இன்னா இப்போ? கை கழுவிகினு வாங்க, சாப்பிடலாம்" என்றாள். இருபது வருஷத்துக்குமேல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்திருந்தாள், மச்சான். உங்கள் குடும்பத்தில் எல்லாருமே இப்படித்தானா?

ஸ்பிரிங் திரும்பிவர வாரமாகிவிட்டது. அதுவரை லூர்து பஸ்ஸில் போய்வந்தாள். நேற்று சனிக்கிழமை மகாராஜாவுக்கு லீவு. நான் பின்னால் நின்று "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" சொல்ல, வலதுபக்கத்தை அவன் கண்ணைச் சிமிட்டுவதற்குள் முடித்துவிட்டான். இடதுபக்கம் வந்ததும் பழையபடி கையைப் பிசைந்தான். எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது என்றான். அப்போது லூர்து உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து, வலதுபக்கத்துப் பிரேக்குக்கு முன்னால் பிடித்தாள். கண்ணாடிக்குள் இடதுபக்கம் இருந்தது.

அதைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் ஓடிவந்து ஒன்றை மாட்டுவான். மறந்துபோய்த் திரும்பவும் அந்தப் பக்கம் ஓடுவான். காரைச் சுற்றிக் கோயில் பிரகாரம் மாதிரி ஒரு தடம் விழுந்துவிட்டது. எல்லாம் முடிந்து டிரம்மைப் போட்ட பிறகு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "போன்ல படம் புடிச்சித் திருப்பிப் பாத்துருக்கலாம் அண்ணாச்சி" என்றான். அதுவரை கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்ற உங்கள் தங்கையின் முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை.

இன்று காலை பூசைக்கு அதில்தான் போனோம். லூர்து கோயில் சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். கார் நின்றது. பூசை முடியும்வரை நின்றது.

ஆனால் மச்சான், நான் ஓய்ந்துவிட்டேன். இந்த வயதில் கார்ச் சக்கரத்துக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்வது எனக்கு இல்லை. அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த லீவுக்கு வரும்போது தயவுசெய்து காரை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், அல்லது யாருக்காவது கைமாற்றிவிடுங்கள். லூர்துவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். இன்னொரு வகையில் எனக்கு நிம்மதிதான். இனிமேல் ஊரில் யாரும் என்னைப் பிரேக் கம்பெனிக்காரர் என்று கூப்பிடமாட்டார்கள். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு சாப்பிடலாம். ஸ்பேனரைத் துடைத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன். இனி அதைத் தொடமாட்டேன் என்று மாதா படத்துக்கு முன்னால் சொல்லியும் விட்டேன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளின் தலையில் கைவைத்து நான் ஆசீர்வதித்ததாகச் சொல்லுங்கள். மூத்தவன் இன்ஜினியரிங் படிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். இடதுபக்கம் வலதுபக்கம் இரண்டும் சொல்லித்தருகிற காலேஜாகப் பார்த்துச் சேருங்கள். எல்லா நன்மையும் உங்கள் வீட்டுக்கு வழி கேட்காமல் வந்துசேரட்டும்.

இப்படிக்கு,
அலுத்துப்போன உங்கள் மச்சான்,
யாக்கோபு

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது வாசலில் கார் சத்தம் கேட்டது. சத்தத்தைவிடக் கிறீச்சுதான் அதிகம். அருள்பாண்டி தன் சொந்தக் காரில் வந்து இறங்கினார். "முன்னாடி பிரேக்குல ஒரே சத்தம் சார். மத்தவங்க கையில குடுக்க எனக்கு மனசில்ல, நீங்க பார்த்தாத்தான் ஆச்சு" என்றார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே சார், எனக்கு லேபிள் மட்டும்தான்..." என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது கேட்டுல சொன்னது சார். ஒரு பையன் வேலைக்காக, அத்தனை பேர் முன்னாடி, தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு பெரிய மனுஷர் சொன்னார்னு எங்க கேன்டீன் பூரா இதே பேச்சு. நான் அதை நம்பிட்டேன்னு நெனச்சீங்களா?" என்றார். கண் கலங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் மாரிமுத்து, மருமகனின் வேனோடு நின்றார். அதற்குப் பின்னால் இன்னும் ஒரு வண்டி. மகாராஜா மாடியிலிருந்து, "அண்ணாச்சி மாதிரி ஒரு மனுசன் உண்டுமா" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். நான் லூர்துவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பழைய சட்டைய எடுத்து வச்சிகீறேன், போட்டுகினு வாங்க" என்றாள்.

ஆகவே மச்சான், காரை எடுத்துப்போக வரவேண்டாம். மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடவும். அருள்பாண்டியின் கார் இப்போது ஜாக்கிமேல் நிற்கிறது. முன்சக்கரத்தில் டிரம்மே இருக்காது, வேறு என்னமோ இருக்கும் என்கிறான் மகாராஜா, அவனுக்கு அது வேறு லைனாம். அந்த வேறு என்னமோ என்னவென்று உங்களுக்குத் தெரிந்தால் உடனே போனில் சொல்லவும். கடிதம் எழுத நேரமில்லை, இவர் பக்கத்திலேயே நிற்கிறார்.